மறு: எல்லாவற்றுக்கும் ‘மின்னேற்றி’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கையேட்டில் வரும் மின் சாதனங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நேற்றைய மடலில் இந்த வரியைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது:

> சார்ஜர், அடாப்டர், பவர் சப்ளை எல்லாம் சுவரில் செருகும் பெட்டிதானே ஐயா. எல்லாவற்றுக்கும் மின்னேற்றி என்று போட்டால் கையேட்டை இந்த வாரமே முடித்துவிடலாம்.

கையேடு முடிந்துவிடும். படிக்கிறவர் பாடுதான் திண்டாட்டம்.

உங்கள் போனோடு வந்த பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். உள்ளே 100 முதல் 240 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்), வெளியே 5 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடுவது), 2 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். பெயர் பெரும்பாலும் அடாப்டர்தான்; சார்ஜர் என்பது நாம் வைத்த பெயர். பேட்டரி என்று ஒன்று இருப்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. போனைச் செருகினாலும் 5 வோல்ட், குட்டி மின்விசிறியைச் செருகினாலும் அதே 5 வோல்ட். எத்தனை ஆம்பியர் இழுப்பது என்பது செருகிய பொருளின் விருப்பம். 

அசல் சார்ஜர் போனுக்குள் ஒரு சில்லாக (சிப்) உட்கார்ந்திருக்கிறது. லித்தியம் செல்லுக்குள் முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தை விடுகிறது. வழக்கமான செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு ஓட்டத்தைத் தேயவிடுகிறது. ஓட்டம் நன்றாகச் சுருங்கியதும் கதவைச் சாத்திவிடுகிறது. முக்கால்வாசி மளமளவென்று ஏறிவிட்டு, கடைசிக் கொஞ்சத்துக்கு போன் நம் பொறுமையைச் சோதிப்பது இதனால்தான்.

சார்ஜருக்கும், ஒரே அளவு வோல்ட் தரும் பவர் சப்ளைக்கும் உள்ள இந்த வேறுபாடு எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, பட்டுத்தான் புரிந்தது. ஒரு பழைய கார் ஸ்டீரியோவை வீட்டு மேசையில் ஓட்டிப் பார்க்க, கையில் இருந்த பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜரை இணைத்தேன். பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், பாட்டையே முழுங்கிவிட்டது. அந்தக் காலத்துச் சார்ஜருக்குள் ஒரு மின்மாற்றியும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு நான்கும்தான்; வெளியே வருவது நொடிக்கு 100 மேடுகள் கொண்ட டிசி. பேட்டரி அதைச் செரித்துக்கொள்ளும், ஸ்டீரியோவால் முடியாது. 

அப்புறம் தலைகீழாகவும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இறங்கிப்போன பைக் பேட்டரிக்கு, அளவு பிசகாத 12 வோல்ட் பவர் சப்ளை ஒன்றை ராத்திரி முழுக்க மாட்டி வைத்தேன். காலையில் செல்ஃப் அடித்தால் ‘டிக்’, அவ்வளவுதான். 12 வோல்ட் லெட்-ஆசிட் (ஈய அமில) பேட்டரி நிறைந்தால் அதுவே 12.6, 12.7 நிற்கும். அதற்குள் ஏற்ற 14 வோல்ட் சுமாருக்குத் தள்ள வேண்டும். 12-ஐ வைத்துக்கொண்டு 12.6-க்கு எங்கே ஏற்றுவது?

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

சார்ஜருக்கு ‘மின்னூட்டி’ என்று ஒரு தோழி முன்வைத்திருந்தார். தாய் பிள்ளையின் வயிறு பார்த்து ஊட்டுவதுபோல என்ற அவருடைய விளக்கம் அழகு. ஆனால் மின்னூட்டம் என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கூலோம் என்ற அலகில் அளக்கும் மின் அளவுக்கே பெயராக வைத்துவிட்டன. சீப்பைத் தலையில் தேய்த்தால் அது பெறுவது மின்னூட்டம். பேட்டரியில் அப்படி எதுவும் சேர்வதில்லை. ஒரு முனையில் நுழைகிற அளவு மறு முனையில் வெளியே வந்துவிடுகிறது. உள்ளே சேர்வது வேதி ஆற்றல்தான். 

இன்னொன்று, பேச்சு வழக்கு. ‘சார்ஜ் ஏறுது’, ‘சார்ஜ் இறங்கிடுச்சு’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். மின்னேற்றம், மின்னிறக்கம் என்ற ஜோடி அதிலிருந்தே வந்ததுபோல் இருக்கிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தாவிட்டால் தெருவெல்லாம் தண்ணீர். எப்போது நிறுத்துவது என்ற கவலை ‘ஏற்று’ என்ற வினைக்குள் இருக்கிறது. ஆகவே சார்ஜருக்கு மின்னேற்றி, எனக்கு மறுப்பில்லை.

பவர் சப்ளைதான் சிக்கல். ‘மின்வழங்கி’ என்பதைச் சிலர் எழுதுகிறார்கள். கணினித் தமிழில் வழங்கி என்றால் சர்வர். சர்வருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையைப் பற்றி எழுதும்போது ‘வழங்கியின் மின்வழங்கி’ என்று வந்து நின்றது, வாய்விட்டுச் சிரித்தேன். போதாததற்கு மின்னஞ்சல், மின்னூல் பழகியவர்கள் மின்வழங்கியை ஏதோ இணையச் சர்வர் என்றே நினைப்பார்கள். அழுத்தம் மாறாதது என்று காட்ட ‘நிலைமின்வழங்கி’ என்ற யோசனையும் வந்தது. நிலைமின்னியல் (சீப்பில் சேர்வதுபோன்ற ஓடாத மின்னூட்டத்தைப் படிப்பது) ஏற்கெனவே வேறு ஒரு துறை, வேண்டாம்.

என் முன்மொழிவு: மின்னளிப்பி. கேட்டதை அளிக்கும், எப்போது நிறுத்துவது என்று யோசிக்காது. சுவரில் செருகும் வகைக்குச் செருகு மின்னளிப்பி. போனுக்குள் இருக்கும் சில்லுக்கு மின்னேற்றிச் சில்லு. ‘மின்னளிப்பான்’ வேண்டுமென்றாலும் சண்டையில்லை, என் காதுக்கு ‘-பி’ இலேசாக இருக்கிறது.

எலெக்ட்ரிக் கார் போன்ற மின்வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் கேட்கக்கூடிய கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். வண்டிக்கு ஏசி மின்சாரம் தர வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோம். அது மின்னளிப்பிகூட இல்லை, காவல் வைத்த சுவிட்ச். மின்னேற்றி வண்டிக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலையின் டிசி வேகக் கம்பத்தில் ஏசியை டிசியாக மாற்றும் வேலை வண்டிக்கு வெளியே நடக்கிறது. ஆனால் எத்தனை ஆம்பியர் என்று ஆணையிடுவது வண்டி. புதிய யூஎஸ்பி பெட்டிகள் சிலவற்றிலும் இதே கதைதான்: போன் கேட்கக் கேட்க அழுத்தத்தை 20 மில்லிவோல்ட் படிகளில் நகர்த்தித் தருகின்றன. நிறுத்தத் தெரிந்ததுதான் மின்னேற்றி என்ற என் அளவுகோல் இங்கே நொண்டுகிறது. பேட்டரியின் முனைக்கு நேரே போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது எதுவோ அது மின்னேற்றி என்று வைத்தால் டிசி கம்பம் உள்ளே வந்துவிடும், போன் பெட்டிகளில் சில மட்டும் வேலி மேல் உட்காரும். இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை, மின்னணுப் பொறியாளர்கள் சொல்லுங்கள்.

கையேட்டில் ‘மின்னேற்றியைச் செருகி ரவுட்டரை இயக்கவும்’ என்ற வரியை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ரவுட்டரில் பேட்டரியே இல்லை.

பி.கு.: டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் இந்தச் சுவர்ப் பெட்டிக்குக் கடைகளில் ‘எலிமினேட்டர்’ என்று பெயர். 3, 4.5, 6, 9 வோல்ட் என்று திருகி வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை ஒழிப்பது என்று பொருள். எங்கள் ஊரில் அதை எலி பிடிக்கும் சாமான் என்று நினைத்து விலை கேட்டவர் உண்டு.