விபத்துக்கு முன்னால் இருந்த ஆள்

தலைக்காயத்துக்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "என்னைத் தெரியுதா?" என்றுதான் கேட்டார்கள். தெரிந்தது. அவர்களோடு முன்பு அரட்டையடித்த அந்த ஆள்தான் எனக்குப் பிடிபடவில்லை.

விபத்து நடந்த அன்று காலையிலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகும் சில நாட்கள்வரை எதுவும் ஞாபகம் இல்லை. கண் திறந்திருந்தேனாம், பேசினேனாம், நர்ஸோடு மல்லுக்கட்டினேனாம். அப்போது மூளை எதையும் பதிந்துவைக்கவே இல்லை, அதனால் இனியும் திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் சொல்வதுதான் மிச்சம், அதுவும் ஆளுக்கொரு விதம். மனைவி கதையில் நான் அவள் கையை விடவே இல்லை. தம்பி கதையில் ட்யூபைப் பிடுங்கப்போய், என் கையைக் கட்டிவைத்தார்கள். இரண்டும் நடந்திருக்கும். அவள் சொல்ல ஆரம்பித்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்போது நாலு பேர் சேர்ந்து பேசினால் தலைகால் புரிவதில்லை. மதியத்துக்குள் அசந்துவிடுகிறேன். தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டதால் "நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். செத்துப்போனால் துக்கம் விசாரிக்க ஆள் வரும். எனக்குக் கிடைப்பதெல்லாம் "பிழைச்சதே பெருசு".

---

அண்ணா, நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மூளையின் முன்பகுதியில் ரத்தக்குழாய் வெடித்தது. ரிட்டயர் ஆகிப் பல வருஷமாகியும் "நேத்து ஆபீஸ்ல மேனேஜர் கத்தினான்" என்பார். பொய் சொல்லவில்லை. ஞாபகத்தில் விழுந்த ஓட்டையைப் பழைய நினைவுத் துண்டுகளை வைத்து மூளையே அடைத்துவிடுகிறது, அவருக்கு அது நிஜம். அம்மா காலண்டரைக் காட்டித் திருத்துவாள், வீடு ரெண்டுபடும்.

நான் "அந்த மேனேஜர் எப்படிப்பா?" என்று கேட்பேன். மாத்திரை, வெளியே கிளம்புவது மாதிரி விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. மேனேஜரில் ஆரம்பித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபைலைத் தொலைத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தேடிய கதைக்குப் போய்விடுவார். அது உண்மையில் நடந்தது, அம்மாவே சொன்னாள். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. முன்பிருந்த அப்பா இப்படியெல்லாம் உட்கார்ந்து பேசுகிறவர் இல்லை. அவரை நினைத்து அழுவேன், இவரோடு சிரிப்பேன், ஒரே நாளில்.

---

ரெண்டு பேருக்கும்: 1943-இல் போரில் தலையில் குண்டடி பட்ட சசேட்ஸ்கி என்ற சோவியத் வீரரைப் பற்றித் தேடிப் பாருங்கள். கை எழுதிவிடும், எழுதியதைப் படிப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. ஒரு வரி எழுதுவதற்குள் சொல் நழுவிப் போய்விடும். அப்படியும் சுமார் 25 ஆண்டுகள், ஏறத்தாழ 3,000 பக்கம் தன் கதையை எழுதினார். காயம் ஆறவில்லை, எழுதுவதையும் விடவில்லை.

அண்ணன் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எழுத வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், அசதி வரும் முன்பே நிறுத்திவிடுங்கள். உங்கள் தம்பி பார்த்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் அவரைக் கொஞ்சம் விசாரியுங்கள். அந்த நாட்களில் முழிப்போடு இருந்தது அவர்தானே.