ஆபாசப் படமும் இணையப் பழக்கமும் தாம்பத்தியத்தை எவ்வளவு தூரம் பாதிக்கும்? ஆலோசனை வகுப்புக்குத் தெளிவு தேவை

கரிசல்_மகள் (கேள்வி)

வணக்கம். கல்யாணம் நிச்சயமான ஆண், பெண்களுக்கு நடத்தும் ஆலோசனை வகுப்புக்குக் குறிப்பு தயாரிக்கிறோம். ஆபாசப் படம் என்ற தலைப்பு வந்தாலே எங்கள் குழு இரண்டாகப் பிரிகிறது. "அதைப் பார்க்கிறவனுக்குக் குடும்பமே அமையாது" என்பது ஒரு கட்சி. "இந்தக் காலத்தில் யார்தான் பார்க்கவில்லை, பெரிசுபடுத்தாதீர்கள்" என்பது மறு கட்சி. முதலாவதைக் கேட்பவர் பயந்துபோய் வாயே திறக்க மாட்டார். இரண்டாவதைக் கேட்பவர், உண்மையிலேயே சிக்கலில் இருந்தாலும், நமக்கு ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடுவார்.

உறவைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு? உடம்பில் என்ன ஆகிறது? விட நினைப்பவர் நாளை காலையிலிருந்து என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், வேலைக்கு ஆகிற தகவல் போதும்.

உளவியல்_திண்ணை

ஆதாரத்திலிருந்து தொடங்குகிறேன். 2017இல் ரைட், டோக்குனாகா, கிராஸ், கிளான் நால்வரும் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 10 நாடுகள், 50,000க்கு மேற்பட்டவர்கள். ஆபாசப் படம் பார்க்கும் ஆண்களிடம் துணையோடான உறவில் நிறைவு குறைவாக இருந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆண்களிடமும் வித்தியாசம் சிறியதுதான், குடும்பத்தையே கவிழ்க்கும் அளவு இல்லை. அடுத்தது, ஒரே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து கேட்ட அமெரிக்கக் கணக்கெடுப்பு. அதை வைத்துப் பெரியும் ஷ்லைஃபரும் 2018இல் எழுதினார்கள்: இரண்டு சுற்றுக்கு நடுவே பார்க்கத் தொடங்கிய திருமணமானவர்களிடம் விவாகரத்து வாய்ப்பு 6 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகிறது. கேட்க அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் பேச்சு நின்றுபோன வீட்டில்தான் ஆள் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறார் என்று சொன்னாலும் இதே எண் பொருந்தும். எது முதலில் வந்தது என்பதை இந்தத் தரவு தீர்த்துவைக்காது. வகுப்பில் இந்த எண்ணைச் சொன்னால் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்து, எங்கே கோடு போடுவது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது, ஆனால் போதை அடிமைத்தனத்தின் கீழ் அல்ல, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் கீழ். ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர வேண்டும். வேலை, உடல்நலம், குடும்பப் பொறுப்பு எல்லாம் பின்னுக்குப் போக வேண்டும். பலமுறை குறைக்க முயன்றும் முடியாமல், இன்பமே இல்லாதபோதும் தொடர வேண்டும். "இது பாவம், நான் கெட்டவன்" என்ற வேதனை மட்டும் இருந்தால் அது இந்தக் கோளாறு ஆகாது என்று அந்தப் பட்டியலே தெளிவாகச் சொல்கிறது. நம் ஊருக்கு இந்த வரி மிக முக்கியம். மாதத்துக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தூக்கம் கெடும் பையனும், ராத்திரி இரண்டு மணிவரை டெலிகிராம் குழு குழுவாக மாறி, காலையில் ஷிஃப்டுக்குப் போகாமல் இருப்பவனும் "நான் அடிக்ட்" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். இருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு.

என் கணிப்பில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைவிட எதற்காகப் பார்க்கிறார் என்பதுதான் உறவின் போக்கைச் சொல்லும். சண்டை போட்ட இரவு, மேனேஜர் திட்டிய நாள், தனிமை, தூக்கம் வராமை. இப்படி மனசு கனக்கும்போதெல்லாம் கை அங்கேதான் போகிறது என்றால், அந்தக் கனத்தைத் துணையிடம் கொண்டுபோகும் வழக்கமே உருவாகாது. விலகல் தொடங்குவது அங்கேதான். ரீல்ஸ், கேம், விடிய விடிய சாட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விட நினைப்பவருக்கு முதல் வேலை, இரண்டு வாரம் எதையும் நிறுத்தாமல் குறித்துவைப்பது. மணி என்ன, எந்த இடம், அதற்கு முந்தைய அரை மணியில் என்ன நடந்தது, மனநிலை எப்படி. நான்கே கட்டம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று சூழ்நிலைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்தால் போதும். உந்துதல் வரும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த இடத்தை விட்டு எழுந்து, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்குப் போனால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும்.

நாள் எண்ணுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2011இல் ரெடிட் இணைய மன்றத்தில் தொடங்கிய, சுயஇன்பத்தையும் ஆபாசப் படத்தையும் விடச் சொல்லும் நோஃபேப் குழு வழியாகப் பரவிய "90 நாள் விரதம்" என்ற கணக்குக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. 40ஆம் நாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு, இன்றைக்கு முழுக்கப் பார்த்துவிடலாம்" என்று மனம் சொல்லும். அந்தச் சறுக்கலைவிட அதற்குப் பின் வரும் மூன்று நாள்தான் ஆளைக் கவிழ்க்கும். "சறுக்கினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வேன்" என்பதை முன்பே தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

மரு_வேம்பு

உடம்புப் பக்கம் நான் சொல்கிறேன். விறைப்பு வரவில்லை என்றதும் "போர்ன் பார்த்ததால்தான்" என்று முடிவுகட்டி வருகிறார்கள். கிரப்ஸ், கோலா இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே பார்ப்பதற்கும் விறைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. "என் பழக்கம் கைமீறிவிட்டது" என்று தாங்களே சொன்னவர்களிடம்தான் சிக்கல் தெரிந்தது. அதனால் முதல் கேள்வி: காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன, பார்க்க வேண்டியது பதற்றமும் பழக்கமும். இரண்டும் இல்லையென்றால் சர்க்கரை (வெறும் வயிற்றிலும், மூன்று மாத சராசரியும்), ரத்த அழுத்தம், கொழுப்பு, தைராய்டு, காலை 10 மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன். 35 வயதுக்காரருக்கும் சர்க்கரை இருக்கும் ஊர் இது. விறைப்புக் குறைவு இதயக் குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் வரலாம். இணையத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதைத் தவறவிடுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. மனைவியோடு இருக்கும்போது விந்து வெளிவரவே மாட்டேன் என்கிறது, தனியாக இருந்தால் ஐந்து நிமிடம். காரணம் பெரும்பாலும் படத்தைவிடச் சுயஇன்பம் செய்யும் முறையில் இருக்கும்: மிக இறுக்கமான பிடி, மிக வேகம், அல்லது குப்புறப் படுத்து மெத்தையில் அழுத்தித் தேய்ப்பது. அந்த அழுத்தத்தை எந்தப் பெண்ணின் உடலும் தராது. சரிசெய்ய முடியும்: சில வாரம் படம் இல்லாமல், மல்லாந்து படுத்து, தளர்ந்த பிடியோடு, வழுவழுப்புக்கு ஏதாவது தடவி, நிதானமாக. வழக்கமாக எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே உணராததுபோல இருக்கும், அங்கேதான் பலர் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின், பராக்செட்டின் வகை மாத்திரை எடுப்பவருக்கும் இதே தாமதம் வரும். அதைத் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டும்.

இன்னொன்று. "நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கத்தால் ஆண்மைக்குறைவு" என்று ராத்திரி டிவியிலும் லாட்ஜ் முகாமிலும் விற்கும் பொடி, லேகியம். சுயஇன்பத்தால் நரம்பு தளராது. விந்து போனால் உடம்பு போச்சு என்ற பயம் நம் நாட்டில் எவ்வளவு பரவலானது என்றால், டாக்டர் என்.என்.விக் 1960இல் அதற்கு "தாத் சிண்ட்ரோம்" என்று பெயரே வைத்தார். லேபிள் இல்லாத பொடியில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்திருக்கலாம். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போடுபவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

கம்பியில்லாக்_கந்தன்

போன், ரவுட்டர் பக்கம். தடுப்பு போட்டால் பழக்கம் போய்விடாது. கைக்கும் படத்துக்கும் நடுவே இரண்டு நிமிடம் கிடைக்கும், திண்ணை சொன்ன எழுந்து போகும் வேலைக்கு அது உதவும்.

வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று கொடுத்தால் கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி வேலை செய்யும், காசு இல்லை. எங்கே சொதப்பும்? ரவுட்டர் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) கொடுத்துக்கொண்டிருந்தால் போன் அந்த வழியில் நமக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையே கேட்கும், வடிகட்டி சும்மா இருக்கும். ஐபிவி6 பகுதியில் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 இரண்டையும் போடுங்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரவுட்டருக்கு வேலையே இல்லை. அதற்கு ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் அதே வடிகட்டியின் முகவரிப் பெயரைக் கொடுக்க வேண்டும், அந்த இடம் எண்ணை ஏற்காது. விபிஎன் (இணையப் போக்கை வேறு வழியில் மறைத்து அனுப்பும் ஆப்) போட்டால் எல்லாமே தாண்டிவிடும்.

ஐபோனில் ஸ்கிரீன் டைம் போய், உள்ளடக்கக் கட்டுப்பாட்டில் பெரியவர்களுக்கான தளங்களை வரம்பிடுங்கள். சஃபாரியின் பிரைவேட் முறையும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். பாஸ்கோடை நம்பகமான நண்பரிடம் கொடுக்கலாம். மனைவியிடம் வேண்டாம், காரணத்தைக் குடும்ப ஆலோசகர்கள் சொல்வார்கள். எக்ஸ், ரெடிட், டெலிகிராம் மூன்றுக்கும் டிஎன்எஸ் உதவாது: தளத்தை முழுக்க மூடலாம், உள்ளே ஒரு பகுதியை மட்டும் மூட முடியாது. அந்த ஆப்களை எடுத்துவிடுவதுதான் வழி.

இத்தனையையும்விடப் பலன் தருவது சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுவது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பார்கள், ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

கரிசல்_மகள்

மூவருக்கும் நன்றி. மனைவி போனைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் வகுப்பில் அதிகம் வரும் கேள்வி. செவ்வந்தி அக்கா பார்த்தால் எழுதுங்கள்.

செவ்வந்தி

வந்துவிட்டேன்மா. கண்டுபிடித்த அன்றிரவே முழு விசாரணை வைக்க வேண்டாம் என்று இரு தரப்புக்கும் சொல்லுங்கள். ஒரு நாள், நேரம் குறித்துக்கொண்டு, மாமனார் மாமியார் இல்லாத வேளையில் உட்கார வேண்டும்.

அவள் தெரிந்துகொள்ள வேண்டியது நான்கு: எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, பணம் போயிருக்கிறதா, திரைக்கு அந்தப் பக்கம் நிஜ மனுஷி யாராவது இருக்கிறாளா. கடைசி இரண்டுதான் நிலைமையை மாற்றும். பதிவான படம் பார்ப்பது ஒன்று. காயின் வாங்கி லைவ் ஆப்பில் ஒரு பெண்ணோடு தினமும் பேசுவது வேறு, அதை ரகசிய உறவாகவே எடுத்துப் பேச வேண்டும். அவர் இந்த நான்கையும் ஒரே தடவையில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம், மாட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் என்று தவணையில் சொன்னால் ஒவ்வொரு தவணையும் அவளுக்குப் புதிய துரோகம். எந்த மாதிரிப் படம், யார் எப்படி இருந்தாள் என்ற விவரத்துக்குள் அவள் போக வேண்டாம். அந்தக் காட்சிகள் அவள் மனசிலிருந்து போகவே போகாது. "நான் போதாதா" என்று அவள் கேட்பாள். பெரும்பாலோரிடம் இந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பல வருடம் முன்பே, பள்ளி வயதில் தொடங்கியது. அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

கந்தன் சொன்னது சரி, பாஸ்கோடு மனைவியிடம் இருக்கக் கூடாது. தினமும் ஹிஸ்டரி பார்க்கும் பெண் அந்த வீட்டில் மனைவியாக இருக்க முடியாமல் காவல்காரியாகிவிடுகிறாள். அவரும் நேர்மைக்குப் பதில் தப்பிக்கும் வழியைத்தான் கற்றுக்கொள்வார். வாரம் ஒரு நாள், இருபது நிமிடம், அவரே முன்வந்து நிலவரம் சொல்லட்டும்.

உடல் நெருக்கம் அறுந்திருந்தால் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970இல் முன்வைத்த தொடுதல் பயிற்சிதான் இன்றும் நல்ல தொடக்கம். முதல் இரண்டு மூன்று வாரம் உடலுறவு கிடையாது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரம் இரண்டு நாள், அரை மணி. பாதி நேரம் ஒருவர் தொடுவார், மற்றவர் வாங்கிக்கொள்வார், பிறகு மாற்றி. மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. தலை, கழுத்து, முதுகு, உள்ளங்கை, பாதம். கிளர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும் கவலை இல்லை, தோல் உணர்வதைக் கவனிப்பது மட்டும்தான். அது இயல்பானபின் விலக்கிய இடங்களைச் சேர்ப்பது, உடலுறவு கடைசிப் படி. கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் நாளே தடையை மீறுவார்கள், பழைய பரீட்சை பயம் திரும்பிவிடும். ஒற்றைப் படுக்கையறையில் மாமியாரும் தூங்கும் வீட்டில் இது நடக்காது. "விசேஷம் உண்டா" என்று மாதா மாதம் கேட்கும் பெரியவர்களைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் வீட்டைக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டுவிடுவதே மேல்.

அவளுக்கு வலி இருந்தால், உள்ளே நுழையவே முடியாமல் இறுகிக்கொண்டால், அது தனிச் சிகிச்சை வேண்டிய விஷயம், மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் படத்துக்குப் போனதற்கு அவள் வலியைக் காரணமாக்க யாரையும் விடாதீர்கள்.

நீதிமன்ற_வாசல்

சட்டம் பற்றி வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். பெரியவர்கள் நடித்த படத்தைத் தனியாகப் பார்ப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் குற்றமாக்கவில்லை. வெளியிடுவதும் அனுப்புவதும்தான் குற்றம், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு செய்வதும் அதில் அடங்கும். 67ஏ பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. குழந்தைகள் தொடர்பானது முற்றிலும் வேறு. அதைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று ரத்து செய்துவிட்டது. பழைய தீர்ப்பை இன்னும் பலர் பகிர்கிறார்கள்.

வீடியோ காலில் பதிவு செய்து மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது, அனுப்பினால் கேட்பது நிற்காது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து இணையக் குற்றப் புகார் எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

கரிசல்_மகள்

கடைசியாக ஒன்று. இந்தப் பகுதியை ஆண், பெண் இருவரையும் சேர்த்து நடத்தலாமா?

உளவியல்_திண்ணை

தகவல் பகுதியைச் சேர்த்தே நடத்துங்கள், கேள்வி நேரத்தை மட்டும் தனித்தனியாக வையுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா, ஒரே அளவுத் தாள். கேள்வி இல்லாதவரும் ஏதாவது எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் யார் எழுதுகிறார் என்று பார்த்தே ஊகித்துவிடுவார்கள். பெண்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, அதனால் பெண்கள் பக்கத்தில் "கணவர் பார்த்தால் என்ன செய்வது" என்ற கோணத்தோடு நிறுத்தாதீர்கள். ஜோடியாக வந்தவர்களை அங்கேயே ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ள வைக்கவும் வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் நடக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் எழுதாமல் சிறு அட்டையில் அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்துவிடுங்கள், எழுதி எடுக்கப் பலர் கூச்சப்படுவார்கள்.