பிளஸ் டூ முடித்துவிட்டேன். கட்டடத் தொழில்களில் எதைக் கற்பது?

வியாசர்பாடி மாணவன் கேட்டது:

வணக்கம். இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன்; வணிகவியல் பிரிவு. பி.காம். சேர்வதற்கு மதிப்பெண் இருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டு படித்துவிட்டு மறுபடியும் என்ன செய்யலாம் என்று நிற்பதைவிட, கட்டடத் தொழில் ஒன்றை முறையாகக் கற்றுக்கொள்வது மேல் என்று எண்ணுகிறேன். அப்பா கொத்தனார். விடுமுறைகளில் அவருக்குக் கையாளாகப் போய்க் கலவை போட்டிருக்கிறேன், கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே வெயிலும் சிமெண்டும் எனக்குப் புதியவை அல்ல.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "கரண்டி என்னோடு போகட்டும், நீ கரண்ட் வேலை கற்றுக்கொள்" என்கிறார் அப்பா. தாய்மாமா பிளம்பர், ஐ.டி.ஐ.யில் காலத்தைப் போக்காமல் நாளைக்கே தன்னுடன் வந்துவிடும்படியும், கைச்செலவுக்குத் தருவதாகவும் சொல்கிறார். எனக்கோ ஏ.சி. மெக்கானிக் வேலையிலும் ஒரு கண் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பாவுக்கு வேலை நின்றுபோவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கிற தொழில் எது என்பதே என் முதல் கேள்வி. ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு வேலைத்தளத்தில் உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா, அல்லது மாமாவிடமே சேர்ந்துவிடலாமா என்பது இரண்டாவது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அம்பத்தூர் வயர்மேன் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மின்வேலை உடம்புக்குச் சுலபம் என்று நினைத்து அவர் சொல்லியிருந்தால் அது சரியல்ல. கான்கிரீட் போடுவதற்கு முன் உச்சி வெயிலில் சென்ட்ரிங் பலகைமேல் (கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் தற்காலிகப் பலகை) குந்தி பைப் பதிப்பதும், சுவரில் காடி வெட்டும் தூசியைச் சுவாசிப்பதும் எங்கள் வேலையில்தான் வருகின்றன. நான் மின்வேலையைச் சொல்வதற்குக் காரணம் வேறு. பூச்சு வேலையையோ பெயிண்ட் வேலையையோ தெரியும் என்று சொல்லி யாரும் எடுத்துவிடலாம். மின்வேலையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் பெற்ற கண்காணிப்பாளர், மின்கம்பியாளர் என்று சட்டம் ஆள்களை வரையறுத்து வைத்திருக்கிறது. இதை மீறுகிறவர்கள் நிறைய உண்டு என்றாலும், கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவருக்குக் கூலி பேசும்போது ஒரு பிடி கிடைக்கிறது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டு. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருந்தால் போதும். பிளஸ் டூவில் நீங்கள் வணிகவியல் எடுத்தது தடையாகாது. கிண்டி, அம்பத்தூர், திருவான்மியூர், வடசென்னை ஆகிய இடங்களில் அரசு நிலையங்கள் உள்ளன. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பேருந்து அட்டையும் சைக்கிளும் தருகிறார்கள். ஆறாம் வகுப்பு முதலே நீங்கள் அரசுப் பள்ளி மாணவராக இருந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். மாமா தரும் கைச்செலவுப் பணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐ.டி.ஐ. போகாமலும் வழி உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு நடத்துகிறது. ஆனால் அதற்கு வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவமும் 21 வயது நிறைவும் கேட்கிறார்கள். எது குறுக்கு வழி என்று நீங்களே பாருங்கள். அதேநேரம் சான்றிதழை வைத்தே வேலை தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. புதிதாக வருகிற பிள்ளைகளில் பலர் மோட்டார் காயில் அழகாகச் சுற்றுகிறார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சர்க்யூட்டை எப்படிப் பிரிப்பது, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி விழுந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒரு வயர்மேனுடன் போய் நின்றால் அந்தக் குறை தீரும்.

ஏ.சி. பிரிவும் 2 ஆண்டுதான். சென்னையில் அதற்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை சாப்பிட நேரம் இருக்காது, கார்த்திகையில் ஃபோன் அடிக்காது. உங்கள் முதல் கேள்வியை வைத்துப் பார்த்தால் அது உங்களுக்குச் சரிவராது.

ஓய்வுபெற்ற தள மேற்பார்வையாளர் எழுதியது:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் இந்தப் பையனிடம் ஏற்கெனவே இருக்கிற ஒன்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டிலேயே ஒரு கொத்தனார் இருக்கிறார். தூக்குக்குண்டு பிடிக்கவும் ரசமட்டம் பார்க்கவும் காசு கொடுக்காமலே கற்கலாம்.

புதுக் கட்டடத்தில் கொத்தனாரின் இடம் சுருங்கி வருவது உண்மை. பழைய மாமல்லபுரம் சாலையில் எழும்பும் அடுக்ககங்களில் பலவற்றை அலுமினிய அச்சுகளைக் கொண்டு சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். அங்கே கல் கட்டவும் வேலையில்லை, கனமாகப் பூசவும் வேலையில்லை. கம்பி கட்டுதலும் சென்ட்ரிங்கும் பெரும்பாலும் வடமாநிலத் தொழிலாளர்கள் கையில் இருக்கின்றன. அப்பா பயப்படுவது இதற்காகத்தான் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் இந்த ஊரில் கட்டியதைவிடக் கட்டி முடித்துப் பழுதாகிக்கொண்டிருப்பது அதிகம். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் 1980களில் கட்டிய அடுக்ககங்களின் பால்கனி அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார்த்தாலே இது தெரியும். அங்கே வழக்கமாக வருகிற ஆள் வெடித்த இடத்தில் சிமெண்டை அப்பி வெள்ளையடித்துவிட்டுப் போகிறார். இரண்டு மழைக்குள் அது மறுபடியும் உதிர்கிறது. கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவை முழுவதும் நீக்கி, காப்புப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடுக்கடுக்காக நிரப்பத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. மொட்டைமாடிக் கசிவும் அப்படித்தான்: மேலே இரசாயனம் அடிப்பதற்கு எல்லோரும் வருகிறார்கள், தண்ணீர் கைப்பிடிச்சுவர் மூலையில் நுழைகிறதா, மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டின் இடுக்கில் நுழைகிறதா, குழாய் துளைத்த இடத்தில் நுழைகிறதா என்று முதலில் கண்டுபிடிப்பவர் அரிது. ஐப்பசி மழை உங்கள் அப்பாவின் வேலையை நிறுத்துகிறதல்லவா, அதே மழைதான் இந்த வேலையைக் கொண்டுவந்து தருகிறது. மழைக்காலம் முழுக்கப் புகார் குவியும், தை தொடங்கி வேலை நடக்கும், நடுவில் வீட்டுக்குள் செய்கிற பழுதுகள் இருந்துகொண்டே இருக்கும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2012 ஜனவரியில் தீயில் சேதமடைந்த பழைய அரண்மனைக் கட்டடமான சேப்பாக்கம் கலஸ் மஹாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைத்தது. மைலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் மரச் சட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகப் பதித்துச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றின்மேல் சிமெண்ட் கான்கிரீட்டைப் போட்டுக் கெடுக்காத கொத்தனாரைத் தேடி மக்கள் அலைகிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரச் சிமெண்ட் கையை அரிக்கும், கல் அறுக்கும் தூசி நுரையீரலில் தங்கும், டைல்ஸ் போடுகிறவருக்கு முட்டி தேயும். கையுறையையும் முகக்கவசத்தையும் கேலி செய்கிற மேஸ்திரியிடம் சேராதீர்கள்.

வேளச்சேரி பிளம்பர் எழுதியது:

மாமாவிடம் போவது தவறில்லை. அவர் எந்த வேலை எடுக்கிறார் என்று முதலில் பாருங்கள். குழாய் மாற்றுவதும் வாஷ்பேசின் பொருத்துவதும் மட்டும்தான் என்றால் ஆறு மாதத்தில் கற்றுவிடலாம், அதற்குமேல் அங்கே கற்க ஒன்றும் இருக்காது. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு கொடுப்பது, காற்றுக் குழாய் வைப்பது, சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மேல்தொட்டி வரை மோட்டாரின் திறனைக் கணக்கிடுவது, அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்துவது எல்லாம் அவருக்குத் தெரியுமானால் அவர் காலடியிலேயே இருங்கள். மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியத் தண்ணீர், லாரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று மூன்று வகைத் தண்ணீரையும் ஒரே வீட்டில் கையாளும் ஊர் இது. மழையோ வெயிலோ இந்த வேலை நிற்பதில்லை. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு 1 ஆண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடைக் குழியிலோ இறங்கச் சொன்னால், சொல்பவர் மாமாவே ஆனாலும் இறங்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்புவதில்லை.

வரைபடப் பயிற்றுநர் எழுதியது:

எந்தத் தொழிலை எடுத்தாலும் கட்டட வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. தளத்தில் கூலி உயராமல் தங்கிவிடுகிறவர்களுக்கும் மேஸ்திரியாகி ஒப்பந்தம் எடுக்கிறவர்களுக்கும் நான் காணும் வேறுபாடு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. (பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. இருபது ஆண்டு கல் சுமந்த சித்தாள் அக்காவிடம் ஒருநாளும் கரண்டியைக் கொடுப்பதில்லை. உங்கள் தங்கை யாராவது கேட்டால் கிண்டியில் மகளிர் ஐ.டி.ஐ. இருப்பதைச் சொல்லுங்கள்.)

18 வயது நிறைந்ததும், தளத்தில் வேலை செய்யத் தொடங்கினால், கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 1994 முதல் இயங்கும் வாரியம் இது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதில் ஓய்வூதியம் எல்லாம் அதன்வழி வருகின்றன. அப்பாவின் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருடையது காலாவதியாகிக் கிடக்கிறது.

வியாசர்பாடி மாணவன் மீண்டும் கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் அட்டை காலாவதிதான். இந்த வாரம் புதுப்பிக்கிறோம். எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, சேர்க்கை வரும் வரை மாமாவுடன் போகலாம் என்றும், பழுது வேலை வரும்போது அப்பாவோடு நிற்கலாம் என்றும் முடிவு செய்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனுக்குப் போட்டி அதிகம் என்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு காத்திருக்கலாமா?

அம்பத்தூர் வயர்மேன் எழுதியது:

காத்திருக்க வேண்டாம். இரண்டாவது விருப்பமாக வயர்மேன் பிரிவையும், மூன்றாவதாகப் பிளம்பர் பிரிவையும் குறியுங்கள். வயர்மேன் பிரிவுக்குப் போட்டி குறைவாக இருக்கும், வீட்டு வயரிங்குக்குத் தேவையானது பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. தனியார் ஐ.டி.ஐ.க்களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு என்பதால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். சேர்வதற்கு முன் அங்கே பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், இயந்திரங்கள் உறை போட்டு மூடிக் கிடந்தால் வேறு இடம் பாருங்கள். கலந்தாய்வுக்கு மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் அசல்களை எடுத்துக்கொண்டு போங்கள்.