பிள்ளையோட திரும்பக் கல்லூரிக்குப் போக யோசிக்கிற ஆக்களுக்கு (கனடா, ஒன்ராறியோ)

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். வவுனியாவில இருந்து ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்ல. பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) இருக்கு. ஊரில வங்கியில வேலை செய்தனான், ஏஎல் வர்த்தகம், ஏஏடி கணக்கியல் சோதனை பாதியில நிக்குது. மகளுக்கு மூண்டரை வயசு. இவருக்குப் பின்னேர ஷிப்ட். வாற செப்டம்பர் கல்லூரிக்குப் போவமோ எண்டு யோசிக்கிறன். ஆரைக் கேட்டாலும் "பிஎஸ்டபிள்யூ (முதியோர், நோயாளியளைப் பராமரிக்கிற உதவியாளர் படிப்பு) செய், உடன வேலை" எண்டுகினம். எனக்கு வயசும் 34. எங்க தொடங்கிறது எண்டு தெரியேல்ல.

பதில்:
தங்கச்சி, வயசை விடுங்கோ. 19 தாண்டின, இங்கத்தைய உயர்பள்ளிச் சான்றிதழ் இல்லாத ஆக்களுக்கு மச்சூர் ஸ்டூடன்ட் எண்டு ஒரு வழி இருக்கு. ஆங்கிலத்துக்கும், சில படிப்புக்குக் கணக்குக்கும், கல்லூரியே ஒரு பரீட்சை வைச்சுப் பார்க்கும். உங்களுக்கு ஏஎல் இருக்கிறபடியால் அதுவும் தேவைப்படாமல் போகலாம்.

எந்தப் படிப்பு எண்டு பிறகு பாப்பம். முதல்ல ஒரு தாளை எடுத்து மகளின்ர நாள் எத்தினை மணிக்குத் தொடங்கி எத்தினை மணிக்கு முடியுது எண்டு எழுதுங்கோ. இங்க வந்து படிப்பைப் பாதியில விட்ட தாய்மார் கனபேரை எனக்குத் தெரியும். பாடம் விளங்காமல் விட்ட ஆக்கள் குறைவு. காலமை ஏழு மணிக்குப் பிள்ளையை ஆரிட்ட விடுறது எண்டு தெரியாமல் விட்ட ஆக்கள்தான் கூட.

மகளுக்கு இந்த வருசம் டிசம்பர் 31க்குள்ள நாலு வயசு ஆகுதெண்டால் செப்டம்பரிலயே ஜேகே, அதாவது பாலர் வகுப்பு. அரச பள்ளிக்கூடம், முழுநாள், காசில்லை. பதிவை வருசத் தொடக்கத்திலயே செய்யுங்கோ. ஆனால் முழுநாள் எண்டால் கிட்டத்தட்ட ஒன்பது மணிக்கும் மூண்டரைக்கும் இடையிலதான். முன்னுக்கும் பின்னுக்கும் பிள்ளையைப் பாக்கிற திட்டம் சில பள்ளிக்கூடங்களில இருக்கு. அதுக்குக் காசு கட்டவேணும், இடமும் கெதியில நிரம்பீடும். 6 வயசுக்குக் கீழ எண்டால், மத்திய அரசின்ர திட்டத்தில சேர்ந்த டேகேருகளில 2025 ஜனவரியில இருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல வாங்கேலாது. அதையும் கட்டேலாட்டி ரொறன்ரோ மாநகரத்தின்ர சப்சிடிக்கு (கட்டண உதவிக்கு) விண்ணப்பியுங்கோ. பொதுவா வேலையோ படிப்போ இருந்தால்தான் அது கிடைக்கும், காத்திருப்புப் பட்டியலும் நீளம். அதால கல்லூரிக் கடிதம் வரட்டும் எண்டு நிக்காமல் இண்டைக்கே பேரைப் போடுங்கோ.

இப்ப பிஎஸ்டபிள்யூ. நல்ல வேலை, மரியாதையான வேலை. கல்லூரியில ரெண்டு செமஸ்டரில முடியும். ஆனால் "உடன வேலை" எண்டு சொல்லுற ஆக்கள் பிளேஸ்மென்ட்டை, அதாவது படிப்போட சேர்ந்த வேலைப் பயிற்சியைப் பற்றி வாய் திறக்கிறேல்ல. முதியோர் இல்லத்தில காலமை ஏழு மணி ஷிப்ட் எண்டால் ஆறரைக்கே அங்க நிக்கவேணும். அந்த நேரத்தில ஸ்காபரோவில எந்த டேகேர் திறந்திருக்கு? பஸ்ஸில போறீங்கள் எண்டால் இன்னும் மோசம். எந்த இடம், எந்த ஷிப்ட் எண்டதை நீங்கள் தெரிவு செய்யேலாது, சில வேளை ஒரு கிழமைக்கு முதல்தான் சொல்லுவினம். உங்கட மனுசன் பின்னேர ஷிப்ட் எண்டபடியால் காலமை வீட்டில நிப்பார். அது உங்களுக்கு வாய்ப்புத்தான். ஆனால் இரவு ஒரு மணிக்கு வந்து படுத்த மனுசன் ஏழு மணிக்கு எழும்பிப் பிள்ளைக்குத் தலை இழுத்துவிட்டு, சாப்பாடு கட்டி அனுப்புவாரோ எண்டதை நீங்கள்தான் சொல்லவேணும். சேருறதுக்கு முதல் அவரோட இருந்து கதையுங்கோ, சேர்ந்தாப் பிறகு அது சண்டையாத்தான் முடியும்.

அதே கணக்கைத் திருப்பிப் பாத்தால், எல்லாரும் பிள்ளைக்காரருக்குச் சொல்லுற "பின்னேர வகுப்பு எடு" எண்ட புத்திமதி உங்களுக்குச் சரிவராது. பின்னேரம் வீட்டில ஆள் இல்லை. உங்களுக்குப் பகல் வகுப்பு, இல்லாட்டி ஒன்லைன். ஒன்ராறியோலேர்ன் எண்டு 24 கல்லூரிகள் சேர்ந்து நடத்துற ஒன்லைன் பாடங்கள் இருக்கு. வங்கியில இருந்த ஆள் நீங்கள், கணக்கியல் பக்கம் ஒரு பாடம் எடுத்து ஜனவரி வரைக்கும் ஓடிப் பாருங்கோ. முழுநேர டிப்ளோமா ரெண்டு வருசம், சென்டெனியல் உங்களுக்குக் கிட்ட. கணக்கியலில காலமை ஏழு மணிப் பிளேஸ்மென்ட் எண்ட தலையிடி இல்லை. எனக்குக் கேட்டால் இதுதான் உங்களுக்கு. ஆனால் மனம் உண்மையிலயே பராமரிப்பு வேலைக்குப் போகுதெண்டால் என்ர கதையைக் கேக்காதேங்கோ.

இன்னொண்டு, லீவு. கல்லூரிக்கு ரீடிங் வீக் எண்ட ஒரு கிழமை லீவு பெப்ரவரிக் கடைசியில வரும். பள்ளிக்கூடத்துக்கு மார்ச் பிரேக் எண்ட லீவு மார்ச் நடுவில. ரெண்டும் சந்திக்காது. மார்ச் பிரேக் கிழமையில உங்களுக்கு மிட்டேர்ம் (இடைப் பரீட்சை) இருக்கலாம், மகள் முழுநாளும் வீட்டில நிப்பா. அதுக்கு மேல ஆசிரியருக்கு மட்டும் வேலை, பிள்ளையளுக்கு லீவு எண்டு இடைக்கிடை வாற பிஏ நாள்கள், காய்ச்சல் எண்டு டேகேர் கூப்பிட்டு "வந்து கொண்டு போங்கோ" எண்டுற நாள்கள். பதறாதேங்கோ, ஆனால் செமஸ்டர் தொடங்கின முதல் கிழமையிலயே ஒவ்வொரு பாடத்தின்ர திகதிகளையும் பள்ளிக்கூட நாட்காட்டியோட வைச்சு ஒப்பிடுங்கோ. வகுப்பாசிரியருக்கு முன்கூட்டிச் சொன்னால் கனபேர் விளங்கிக்கொள்ளுவினம். பரீட்சை அண்டைக்குக் காலமை மின்னஞ்சல் அனுப்பினால்தான் முகம் மாறும்.

காசு எண்டால் ஓசாப், ஒன்ராறியோ மாணவர் நிதி உதவி. பிஆர் எண்டபடியால் விண்ணப்பிக்கலாம். மானியமும் கடனும் கலந்து வரும், மனுசன்ர வருமானத்தையும் பாப்பினம். பிள்ளை இருந்தால் அதுக்கெண்டு மத்திய அரசு மானியம் தனியா இருக்கு, விண்ணப்பத்தில மகளைப் போட மறக்காதேங்கோ. மத்திய அரசுக் கடனுக்கு 2023 ஏப்ரலில இருந்து வட்டி இல்லை, மாகாணப் பங்குக்கு உண்டு. கவனிக்கவேண்டியது இதுதான்: முழுநேர மாணவர் எண்டால் குறைஞ்சது 60 வீதப் பாடச்சுமை. கஷ்டமா இருக்கெண்டு இடையில ஒரு பாடத்தை விட்டு அதுக்குக் கீழ போனீங்கள் எண்டால் கணக்கைத் திரும்பப் போடுவினம், மானியமா வந்தது கடனா மாறலாம். விடுறதுக்கு முதல் நிதி உதவி அலுவலகத்தில ஒரு சொல்லுக் கேளுங்கோ.

பிளாசாக்களில மேல்மாடியில இருக்கிற தனியார் கல்லூரியள் "கிழமைக்கு ரெண்டு நாள் வந்தால் போதும்" எண்டு கூப்பிடுவினம். நல்லதும் இருக்கு. ஆனால் மாகாண அரசின்ர பதிவுப் பட்டியலில அந்தக் கல்லூரியும் இருக்கவேணும், நீங்கள் படிக்கப்போற படிப்பும் இருக்கவேணும். பாக்காமல் முற்பணம் குடுக்காதேங்கோ.

இன்னொருவர்:
அக்கா சொன்னதோட வரி விஷயம் ஒண்ணு சேர்த்துக்கிறேன் (நான் திருச்சி, இப்ப மிசிசாகா). டேகேர் செலவை வரியில கழிக்கிற உரிமை பொதுவா வருமானம் குறைஞ்ச துணைக்குத்தான். நீங்க படிக்கப் போய்ட்டா உங்களுக்கு வருமானமே இருக்காது, அப்புறம் எதுல கழிக்கிறது? அதுக்கு ஒரு விலக்கு இருக்கு. குறைஞ்ச வருமானக்காரர் படிக்கிற காலத்துக்கு மட்டும் மத்தவர் கழிச்சுக்கலாம். முழுநேரப் படிப்பா இருந்து குழந்தைக்கு 7 வயசுக்குள்ளன்னா வாரத்துக்கு 200 டாலர் வரை. டி778 படிவம். வரி போட்டுத் தர்ற பலரே இதைக் கேக்கிறதில்ல, நாமதான் சொல்லணும். டேகேர் ரசீதை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க. வருமானமே இல்லைன்னாலும் ரெண்டு பேரும் வரி தாக்கல் பண்ணணும், இல்லைன்னா குழந்தைக்கு மாசாமாசம் வர்ற பணம் நின்னுடும்.

கேள்வி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அம்மாவை சூப்பர் விசாவில (தாய் தகப்பன் வந்து நீண்ட காலம் நிக்கிற வருகை விசா) எடுப்பிச்சால் மகளைப் பாப்பாதானே? பிறகு எந்தப் படிப்பும் எடுக்கலாம் எண்டு இவர் சொல்லுறார்.

பதில்:
அம்மா வந்தால் பெரிய துணைதான், அதுவும் பிள்ளைக்குக் காய்ச்சல் வாற நாளில. ஒருக்கா வந்தால் ஐஞ்சு வருசம் வரைக்கும் நிக்கலாம். ஆனால் கூப்பிடுற ஆளின்ர வருமானம் ஒரு எல்லைக்கு மேல இருக்கவேணும், ஒரு வருசத்துக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்கவேணும். வயசுக்கும் நீரிழிவு, பிரஷருக்கும் ஏற்றமாதிரி அது ஏறும். உங்கட வீட்டில இப்ப ஒரு சம்பளம், நீங்கள் படிக்கப் போனாலும் அதேதான். விசா கையில வராமல் அம்மாவை நம்பி பிளேஸ்மென்ட் இருக்கிற படிப்பில கையெழுத்து வைக்காதேங்கோ. வந்த பிறகும், ஜனவரிக் குளிரில பனிச்சப்பாத்தோட பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கொண்டுபோக அவவால ஏலுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. என்ர மாமியார் நடந்தவ. என்ர அம்மா வாசல் தாண்டேல்ல.

அம்மா அங்க இருக்கேக்கயே ரெண்டு வேலை செய்விக்கலாம். உங்கட ஏஎல் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில உறுதிப்படுத்தி எடுப்பியுங்கோ. உங்கட தடுப்பூசிப் பதிவுகள் எங்கயாவது கிடக்கும், அதையும் தேடச் சொல்லுங்கோ. பராமரிப்புப் படிப்பு எண்டால் பிளேஸ்மென்ட்டுக்கு முதல் அது கேப்பினம். ஹெபடைடிஸ் பி மூண்டு ஊசி, முதலாவதில இருந்து மூண்டாவதுக்கு ஆறு மாதம். கணக்கியல் எண்டால் உது தேவையில்லை.