பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது: டிஸ்க் உண்மையிலேயே வளைகிறதா?

டயல்கேஜ்:
வால்பாறையிலிருந்து இறங்கி வந்தபின், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று நேற்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். அதற்கு லேத்துக்காரர், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடான டிஸ்கைப் பற்றி, "டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது, இரண்டையும் மாற்றுங்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் சொல்லப்படும் இந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. என் காருக்கும் இதையே சொல்லி ஒரு பட்டறையில் புது டிஸ்க் போட்டார்கள். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் உதறல் திரும்பிவிட்டது. நானே கழற்றிப் பார்த்தபோது, டிஸ்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்கை மாட்டியிருந்தார்கள்.

லேத்துக்காரர்:
22 ஆண்டுகளாக லேத் இயந்திரத்தில் டிஸ்கின் முகத்தைச் சீவிச் சமமாக்கி, கடைந்து கொடுக்கிறேன். லேத்தில் ஏற்றிச் சுற்றவிட்டால் அது ஆடுவது கண்ணுக்கே தெரியும். வளைந்ததை வளைந்தது என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு காரைக் கழற்றியவர் எனக்குத் தொழில் கற்றுத்தர வேண்டாம்.

டயல்கேஜ்:
பல கார்களின் கையேடுகள் சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் ஆட்டத்துக்கு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான் இடம் கொடுக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமன் அது. எந்தக் கண்ணுக்கு அது தெரியும்? ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு இருந்தால், டிஸ்க் ஹப்பைவிட அகலமானது என்பதால், வெளி விளிம்பில் அந்த ஆட்டம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அப்படி ஆடும் டிஸ்க், பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், பிரேக் மிதிக்கும்போது டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேடை உரசிக்கொண்டே ஓடி, அந்த இடத்தில் மட்டும் மெலிந்து போகிறது. தடிமனில் 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலே பெடல் துடிக்கத் தொடங்கும். உதறல் மாட்டிய அன்றே வராமல் சில மாதம் கழித்து வருவதற்குக் காரணம் இதுதான். ஹப்பின் முகத்தைத் துடைத்துவிட்டு அளந்தீர்களா என்பதே என் கேள்வி.

இரண்டாம்கியர்:
இருவரும் மூலகாரணத்தை விட்டுவிட்டீர்கள். ஆழியாறு வரையிலான அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்கியிருந்தால் டிஸ்க் இந்த அளவுக்குக் காய்ந்திருக்காது. கீழே வந்ததும் சோதனைச் சாவடியில் பெடலை அழுத்தியபடியே நின்றிருப்பார். கொதிக்கும் டிஸ்கில் பேடின் தடம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

லேத்துக்காரர்:
சூடுதான் காரணம் என்று இவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இரும்பு சூட்டில் வளையும். இதற்குமேல் என்ன வேண்டும்?

டயல்கேஜ்:
இரண்டாம்கியர் வளைந்தது என்று எங்கேயும் எழுதவில்லை, பேடின் தடம் ஒட்டிக்கொண்டது என்றார். பேடின் பொருள் திட்டுத் திட்டாகப் படிவது வேறு, டிஸ்க் வளைவது வேறு. சூடு மிக அதிகமானால், படிந்த இடத்துக்கு அடியில் வார்ப்பிரும்பே சிமென்டைட் என்ற மிகக் கடினமான பொருளாக இறுகிவிடும். அந்த இடம் மற்ற இடங்களைப் போலத் தேயாமல் மேடாக நிற்கும். மேலோட்டமாகக் கடைந்தாலும் உதறல் திரும்ப வரும். கடைந்து கொடுத்த டிஸ்குகள் உங்களிடமே திரும்பி வந்ததில்லையா? மறுபடியும் கேட்கிறேன்: ஹப்பைத் துடைத்தீர்களா?

பின்சீட்டு:
முன்பக்கம்தான் என்பதை யார் உறுதி செய்தார்கள்? ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன்பக்கம், இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்பக்கம். பிரேக் மிதிக்காதபோதும் அதிர்ந்தால் வீல் பேலன்ஸை, அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலையைப் பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அவசர பிரேக்கின்போது மட்டும் பெடல் துடித்தால் அது பழுதே அல்ல.

லேத்துக்காரர்:
பின்சீட்டு சென்ற ஆண்டு பிரேக் ஆயில் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் நுழைந்து பேச்சைத் திருப்பினார். அன்று நான் சொன்னதற்கு இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை.

பின்சீட்டு:
அன்றே பதில் சொன்னேன். ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை இறங்கும், ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று எழுதினேன். நீங்கள் அதைப் படிக்கவில்லை.

கேள்விகேட்டவர்:
ஐயா, ஸ்டீயரிங் மட்டும்தான் உதறுகிறது. டிஸ்கை நான் மாற்றட்டுமா, வேண்டாமா?

டயல்கேஜ்:
இப்போதே மாற்ற வேண்டாம், தம்பி. முதலில் டிஸ்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கச் சொல்லுங்கள். பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்கை மாட்டி நட்டுகளால் இறுக்கிய பின் நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜால் ஆட்டத்தையும், நுண்ணிய தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமனையும் அளக்க வேண்டும். டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுங்கள். வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் அறைய விடாதீர்கள்; இறுக்கம் ஏறுமாறாக இருந்தால் டிஸ்க் கோணலாகும். எதிரெதிராக, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

லேத்துக்காரர்:
காற்றுத் துப்பாக்கி இல்லாமல் ஒரு நாளைக்கு எத்தனை காரை முடிப்பது? பட்டறை வாடகையை இவர் கட்டுவாரா? நட்டு இறுக்கத்தால் டிஸ்க் கெடும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். டிஸ்க் வளைந்திருக்கிறது, மாற்றினால் சரியாகும்.

இரண்டாம்கியர்:
மாற்றிவிட்டு மறுபடியும் நான்காம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் புது டிஸ்கும் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

டயல்கேஜ்:
வாடகையைப் பற்றி நான் கேட்கவில்லை, லேத்துக்காரரே. ஹப்பைத் துடைத்தீர்களா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

லேத்துக்காரர்:
தம்பி, ஞாயிற்றுக்கிழமை காரைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். வளைந்ததை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.