ஜவ்வரிசிக் கிடங்கில் பேட்ச் எண்: ஆலையின் எண்ணா, நமது எண்ணா?

லீபஜார் கிடங்கு (கேள்வி)

சேலம் லீ பஜாரை அடுத்து எங்களுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகள் ஏழெட்டிலிருந்து 90 கிலோ மூட்டைகளாக ஜவ்வரிசி வாங்கி, அரைக் கிலோ பாக்கெட்டுகளாகவும் 25 கிலோ சிப்பங்களாகவும் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். தை, மாசி மாதங்களில் ஏற்காட்டு மிளகும் கொஞ்சம் வந்து சேரும். சென்ற ஏப்ரல் முதல் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில், ஒன்றாக வந்த மூட்டைகளை ஓர் எண்ணின் கீழ் வைக்கும் பேட்ச் வசதியை ஒவ்வொரு சரக்குக்கும் இயக்கி வைத்திருக்கிறோம். மூட்டையின் மேல் ஆலை அடித்திருக்கும் மார்க்காவில் (முத்திரையில்) என்ன எண் இருக்கிறதோ அதையே எங்கள் கணக்குப்பிள்ளை பேட்ச் எண்ணாகப் பதிவு செய்து வந்தார்; எண்ணே இல்லாத மூட்டைகளுக்கு லாரி வந்த தேதியை எழுதி வந்தார்.

சில மாதங்கள் ஓடின. பிறகு பார்த்தால், இரண்டு ஆலைகளின் சரக்கு "12" என்ற ஒரே எண்ணின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கிறது. கிடங்கில் எண்ணிப் பார்க்கும் மொத்த இருப்பும் கணினியில் உள்ள மொத்த இருப்பும் ஒத்துப்போகின்றன. ஆனால் பேட்ச் வாரியாகப் பார்த்தால் ஒரு பேட்ச் 14 மூட்டை குறைவாக மைனஸில் நிற்கிறது, வேறொரு பேட்ச்சில் அதே 14 மூட்டை கூடுதலாக இருக்கிறது. இதையெல்லாம் வருடக் கடைசியில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தேன். போன மாதம் பாலக்காட்டு வியாபாரி ஒருவர், பாக்கெட்டைப் பிரித்ததும் புளித்த வாடை வருகிறது என்று தொலைபேசியில் சொன்னார். அந்தப் பாக்கெட்டில் எங்கள் பேக்கிங் தேதி இருந்தது. அன்று எந்த ஆலையின் மூட்டைகள் பேக்கிங் இயந்திரத்தின் ஹாப்பரில் (மேல் தொட்டியில்) கொட்டப்பட்டன என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. வேறு வழியின்றி இரண்டு வாரத்துப் பாக்கெட்டுகள் முழுவதையும் திரும்ப அழைத்தேன்.

ஆலையின் எண்ணையே வைத்துக்கொள்வதா, நாங்கள் தனி எண் போடுவதா? பல மூட்டைகள் கலந்து பாக்கெட்டாகும்போது எந்த எண்ணைப் போடுவது? இப்போது கிடங்கில் இருக்கும் சரக்கை என்ன செய்வது? இதே தொழிலில் இருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஐந்துரோடு மென்பொருள்

ஐயா, அந்தப் பதினான்கு மூட்டையிலிருந்து தொடங்குகிறேன். மொத்தம் சரியாக இருந்து பேட்ச் மட்டும் மாறியிருந்தால் சரக்கு எங்கும் காணாமல் போகவில்லை என்று பொருள். பில் போடுகிறவர் திரையில் விரியும் பட்டியலில் தம் கண்ணுக்கு முதலில் படும் பேட்ச்சைத் தேர்ந்தெடுக்கிறார். கிடங்கில் சுமை தூக்குகிறவர் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டியிலிருந்து (மூட்டை அடுக்கிலிருந்து) மூட்டையை எடுக்கிறார். இருவரும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. டேலி, ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ என்று எந்த மென்பொருளுக்கு மாறினாலும் இந்த இடைவெளி அப்படியே கூட வரும்.

பெரிய கிடங்குகளில் கணினி எந்த பேட்ச்சை எடுக்கச் சொல்கிறதோ அதை ஸ்கேனரோடு சென்று தேடி எடுப்பார்கள். லீ பஜார்ப் பக்கத்துக் கிடங்குகளில் ஓர் அட்டிக்கு முன்னால் இன்னோர் அட்டி போட்டிருப்பதால், பின்னால் இருப்பதை எடு என்று கணினி சொன்னால் முப்பது மூட்டையை நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டாம் நாளே அந்த வழக்கம் கைவிடப்படும். ஆகவே உங்கள் கிடங்குக்கு மறுவழிதான் பொருந்தும். ஒவ்வோர் அட்டியிலும் பேட்ச் எண் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஏற்றும்போது அந்த எண்ணைச் சீட்டில் குறித்து அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு வந்த பிறகே பில்லில் பேட்ச்சைப் பதியுங்கள். பில் பத்து நிமிடம் தாமதமாகும் என்று லாரிக்காரர் முணுமுணுப்பார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆலையின் எண்ணை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. அவர்கள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கலாம், மார்க்காவில் மை படாமலும் போகலாம். வரவு நாள், அன்றைய வரிசை எண் என்ற இரண்டு மட்டும் போதும்: 2025 ஜூன் 14 அன்று இறங்கிய மூன்றாவது சரக்குக்கு 250614-03. ஆலையின் பெயர், அவர்களது எண், லாரி எண், எடைச்சீட்டு எண் எல்லாம் கொள்முதல் பதிவின் விவரக் குறிப்பில் இருக்கட்டும். தரம், விலை, ஆலையின் சுருக்கப் பெயர் என்று எல்லாவற்றையும் எண்ணுக்குள்ளேயே திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தரம் பிறகு மாற்றி மதிப்பிடப்பட்டால் எண் பொய் சொல்லத் தொடங்கும்.

நாளைக்கு ஏதாவது பெரிய அங்காடி ஜிஎஸ்1 என்ற சர்வதேசத் தரத்தில் பார்கோடு கேட்டால், அதில் 01 என்ற அடையாளத்துக்குப் பின் 14 இலக்கப் பொருள் எண்ணும், 17க்குப் பின் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கக் காலாவதித் தேதியும், 10க்குப் பின் பேட்ச் எண்ணும் வரும். பேட்ச் எண்ணுக்கு அங்கே 20 எழுத்துகள் வரைதான் இடம், எனவே சுருக்கமான எண் இப்போதே பழகிவிட்டால் நல்லது. இன்னொன்று: ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒரு பேட்ச் எண் மொத்தத் தரவிலும் ஒரே ஒரு முறைதான் வர முடியும், ஜவ்வரிசிக்குக் கொடுத்த எண்ணை மிளகுக்குக் கொடுக்க முடியாது. ஓடூவில் அந்தந்தப் பொருளுக்குள் மட்டும் எண் தனித்திருந்தால் போதும். மேலே சொன்ன அமைப்பில் வரிசை எண்ணை எல்லாச் சரக்குக்கும் பொதுவாக ஓட்டினால் எங்கே மாறினாலும் சிக்கல் வராது.

ஆத்தூர் பேக்கிங்

ஐந்துரோடு நண்பர் எண்ணைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களை இரண்டு வாரத்துச் சரக்கை அழைக்க வைத்தது ஹாப்பர். நானும் பேக்கிங் பிரிவைத்தான் பார்த்துக்கொள்கிறேன், இதே பாடம் எனக்கும் செலவோடுதான் கிடைத்தது.

ஹாப்பரில் கொட்டிய கணத்தில் மூட்டையின் பேட்ச் முடிந்துவிடுகிறது. வெளியே வரும் பாக்கெட் ஒரு புதுப் பொருள், அதற்குப் புது பேட்ச். இந்த இரண்டையும் இணைக்கும் பதிவுதான் உங்களிடம் விடுபட்டிருக்கிறது. டேலியில் ஸ்டாக் ஜர்னல் (ஒரு சரக்கு வேறு சரக்காக மாறுவதற்கான பதிவு) போடும்போது ஒரு பக்கம் எந்தெந்த மூட்டை பேட்ச்சிலிருந்து எத்தனை மூட்டை செலவானது என்பதையும், மறுபக்கம் எந்தப் பாக்கெட் பேட்ச்சில் எத்தனை பாக்கெட் வரவானது என்பதையும் எழுதிவிட்டால் பாலக்காட்டிலிருந்து வரும் கேள்விக்கு அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும். அந்தப் பதிவு உண்மையாக இருக்க வேண்டுமானால், ஒரு பேட்ச்சிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஹாப்பரும் குழாயும் முழுவதும் காலியாக வேண்டும். நாங்கள் ஹாப்பர் காலியாகும் நேரத்தைத்தான் பேட்ச்சின் எல்லையாக வைத்திருக்கிறோம், கடிகாரத்தையோ நாட்காட்டியையோ பார்ப்பதில்லை.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை 90 கிலோ, அதிலிருந்து 180 அரைக் கிலோ பாக்கெட்டுகள். ஒரு நாளைக்கு 40 மூட்டை கட்டினால் 7,200 பாக்கெட்டுகள். 80 மூட்டை உள்ள ஒரு சரக்கை வேறெதையும் தொடாமல் தொடர்ந்து கட்டினால் இரண்டு நாளில் முடியும். அதில் குறை இருந்தால் 14,400 பாக்கெட்டுகளைத் திரும்ப அழைத்தால் போதும். அதே 80 மூட்டையை, நிறம் சீராக இருக்கட்டும் என்று நான்கு ஆலைச் சரக்கிலிருந்து தினம் பத்துப் பத்து மூட்டையாக எடுத்துக் கலந்தால் எட்டு நாள் ஓடும். கெட்டது அதே 80 மூட்டைதான், ஆனால் திரும்ப அழைக்க வேண்டியது அந்த எட்டு நாளும் கட்டிய 57,600 பாக்கெட்டுகள். காலை ஒரு பேட்ச், மாலை ஒரு பேட்ச் என்று எண்களை எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் கலப்பு நடக்கும் வரை இந்தத் தொகை குறையாது. கலந்தே ஆக வேண்டும் என்றால், எந்த நான்கு சரக்கு என்று முடிவுசெய்து, அந்த நான்கையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்துவிடுங்கள். பாதியில் ஐந்தாவதைத் திறக்காதீர்கள்.

சல்லடையில் விழும் நொய்யை மறந்துவிடாதீர்கள். எங்கள் இடத்தில் அதை ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்து, பை நிறைந்ததும் அன்றைய ஹாப்பரில் கொட்டிவிடுவார்கள். ஒரு பையில் பத்து நாட்களின் சரக்கு இருக்கும். அது எல்லாத் தடத்தையும் ஒரே நொடியில் அழித்துவிடும். இப்போது நொய்க்குத் தனி பேட்ச் போட்டுத் தனியாகவே விற்கிறோம்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பொட்டலமிட்ட உணவின் மேல் பேட்ச் அல்லது லாட் அடையாளம் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறை சொல்கிறது. திரும்பப் பெறுவதற்கென்று 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை தனியாக இருக்கிறது. வெறும் பேக்கிங் தேதியை எண்ணாகப் பயன்படுத்தினால், ஒரே நாளில் இரண்டு சரக்கு மாறும்போது உங்களுக்கே அது உதவாது.

ஏற்காடு ஸ்டோர்

மேலே பேசியவர்கள் விட்ட ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். நான் மலையில் காபியும் மிளகும் இருப்பு வைக்கும் ஸ்டோரைப் பார்க்கிறேன். எங்கள் சரக்கு இருக்கும் இடத்திலேயே எடை மாறும். ஆறு கிலோ பழத்தைப் பறித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சுத்தம் செய்த அரபிகா கொட்டைதான் மிஞ்சும்; சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகைப் பறித்துக் காயவைத்தாலும், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், எடை இறங்கத்தான் செய்யும். காய்ந்து மூட்டையான பிறகும், மலை மேகம் இறங்கிக் கிடக்கும் மாதங்களில் ஈரம் ஏறி, வெயில் காலத்தில் மறுபடி இறங்கும். ஜவ்வரிசியும் ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால் உங்களுக்கும் அதே தொல்லை சிறிய அளவில் இருக்கும்.

இதனால் என்ன நடக்கும் என்றால், அட்டியில் ஒரு மூட்டை கூட மிஞ்சாத பேட்ச்சில் கணினி மட்டும் மூன்று கிலோ, ஏழு கிலோ என்று காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பருவம் கழிந்தால் பட்டியலில் நூறு எச்ச பேட்ச்சுகள் வரிசையாக நிற்கும். பில் போடுகிறவர் அவற்றுக்கு நடுவே சரியானதைத் தேடி, கடைசியில் கைக்கு வந்ததைத் தட்டிவிடுவார். அந்தப் பதினான்கு மூட்டைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடைசி மூட்டை வெளியே போன அன்றே அட்டையை அவிழ்த்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தை உலர்வு, சிந்தல், எலி என்று காரணம் எழுதி அன்றே கழித்து பேட்ச்சை மூட வேண்டும். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கழித்தால் எந்த ஆலையின் மூட்டை எடை குறைந்து வருகிறது என்பது உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. பேட்ச் வாரியாகக் கழித்த பிறகுதான் எங்களுக்கு ஒரு களத்தில் உலர்த்துவது போதவில்லை என்பதே தெரிய வந்தது.

லீபஜார் கிடங்கு

மூவருக்கும் நன்றி. 57,600 என்ற எண்ணை எழுதி பேக்கிங் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலில் வந்ததை முதலில் அனுப்புவது என்றுதான் எங்கள் வழக்கம்; ஆனால் சில நேரம் பிந்தி வந்த லாரியில் முந்தித் தயாரான சரக்கு இருக்கிறது. அப்போது எதை முதலில் எடுப்பது? மேலும், இப்போதுள்ள இருப்பில் எது எந்த ஆலையுடையது என்று பாதி அட்டிகளுக்குத் தெரியவில்லை.

ஐந்துரோடு மென்பொருள்

வந்த தேதியைப் பார்க்க வேண்டாம், தயாரிப்புத் தேதியையும் காலாவதியையும் பாருங்கள். டேலியில் சரக்கின் மாஸ்டரில் (அடிப்படை விவரப் பதிவில்) பேட்ச்சோடு தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி இரண்டையும் பதியும் வசதி தனித்தனியாக இருக்கிறது, இரண்டையும் இயக்குங்கள். ஓடூவாக இருந்தால் முதலில் காலாவதியாவதை முதலில் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆலை தயாரிப்புத் தேதியைத் தராவிட்டால் கொள்முதல் ஆர்டரிலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காததால்தான் தருவதில்லை.

பழைய இருப்புக்கு ஊகித்து எண் போடாதீர்கள். விடுமுறை நாள் ஒன்றில் வரவையும் அனுப்புதலையும் நிறுத்திவிட்டு அட்டி அட்டியாக எண்ணி, தெரிந்த அட்டிக்குத் தெரிந்த எண்ணும், தெரியாத ஒவ்வோர் அட்டிக்கும் "பழையது-1", "பழையது-2" என்று தனித்தனி எண்ணும் கொடுத்து, டேலியின் பிசிக்கல் ஸ்டாக் வவுச்சரில் (எண்ணிப் பார்த்த இருப்பைப் பதியும் சீட்டில்) ஏற்றுங்கள். தெரியாத அட்டிகளை எல்லாம் ஒரே பேட்ச்சாக ஆக்கினால் ஒன்றில் வண்டு விழுந்தாலும் அத்தனையையும் நிறுத்த வேண்டியிருக்கும். அந்தப் பழையவற்றை முதலில் கட்டித் தீர்த்துவிடுங்கள், ஒன்றோடொன்று கலக்காமல்.

லீபஜார் கிடங்கு

ஞாயிற்றுக்கிழமை எண்ணி முடித்தோம். மொத்தம் 23 அட்டிகள், அவற்றில் ஒன்பது "பழையது". அட்டைகளுக்குக் காகிதம் நிற்கவில்லை, எலி கடித்துவிட்டது. இப்போது தகரத் துண்டில் பெயின்ட்டால் எழுதிக் கம்பியில் கட்டியிருக்கிறோம். ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருக்கிறது. ஆலை லாரிகள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வருகின்றன, அப்போது அலுவலகத்தில் எண் கொடுக்க ஆள் இருப்பதில்லை. அடுத்த நாளுக்குரிய தகரங்களை மாலையிலேயே எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். லாரி இறங்கியதும் அவர் ஒன்றை எடுத்துக் கட்டி, எடைச்சீட்டின் பின்னால் அதே எண்ணைக் குறித்து வைக்கிறார். நான்கு இரவுகளில் ஒரு முறை மட்டும் கட்ட மறந்தார்.