தெருவோரம் பழமரம்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாம்பலவாசி
2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் விழுந்த பெருங்கொன்றைகளுக்குப் பதிலாக இதுவரை ஒன்றும் நடவில்லை. இப்போதுதான் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. பழமரமாக வைத்தால் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் ஆகும் என்கிறது ஒரு கட்சி. கார் வைத்திருப்பவர்கள் "புங்கையோடு நிறுத்துங்கள்" என்கிறார்கள். கேள்விப்பட்டது வேண்டாம், நேரில் பார்த்ததை எழுதுங்கள்.

டில்லித் தமிழன்
ராஜ்பாத்தில் (இப்போது கர்தவ்ய பாதை) நாவல் மரங்கள் வரிசையாக நிற்கும். புது டில்லியைக் கட்டிய காலத்திலிருந்து வரும் வரிசை அது. ஜூன் கடைசியில் பழம் கறுக்கும், மழையும் அப்போதுதான் இறங்கும். மகசூலைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் மேலே ஏறிக் கிளையை உலுக்க, கீழே நான்கு பேர் ஆளுக்கொரு மூலையாகத் துணியை விரித்துப் பிடித்திருப்பார்கள். அதில் விழுந்த பழம் அங்கேயே கூடைக்குப் போய், கறுப்பு உப்பு தூவி விற்பனையாகும். தப்பியதெல்லாம் சாலையில்தான்.

அந்த மூன்று நான்கு வாரம் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு வேதனை. மழை ஈரத்தில் நசுங்கிய நாவல் எண்ணெய் மாதிரி வழுக்கும். என் கண்ணெதிரே உணவு டெலிவரிப் பையன் ஒருவன் வண்டியோடு சாய்ந்தான். முழங்கையில் இருந்தது சாறா ரத்தமா என்று கழுவிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று, நாவல் கிளை பார்க்கத் தடியாக இருக்கும், ஆனால் படக்கென்று முறியும். ஏறுகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஏறுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த மரங்களை வெட்டலாமா என்று கேட்டால் கூடவே கூடாது என்பேன். மே மாத டில்லியில் அந்த நிழலில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: அங்கே சாலைக்குப் பக்கத்தில் அகலமாகப் புல்தரை இருக்கிறது, பாதிப் பழம் அதில் விழும். மாம்பலத்தில் மண்ணே எங்கே இருக்கிறது?

மதுரைக்காரர்
எங்கள் பக்கம் நெடுஞ்சாலைப் புளியமரங்களைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தில் பட்டை அடித்து எண் எழுதியிருக்கும். ஆண்டுதோறும் மகசூலை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் தை, மாசியில் ஆள் வைத்து உலுக்கி ஒரு பழம் விடாமல் பொறுக்கிப் போய்விடுவார், சாலையும் சுத்தமாகிவிடும். பழத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தால் குப்பை சேராது, அவ்வளவுதான் சூட்சுமம். என்ன, நான்குவழிச் சாலை வந்தபோது வரிசை வரிசையாக வெட்டிவிட்டார்கள். ஏலமும் போச்சு, நிழலும் போச்சு.

சிங்கப்பூர் அக்கா
இங்கே அடுக்குமாடிகளுக்கு நடுவிலும் சாலையோரத்திலும் மாமரம் உண்டு. ஆனால் அரசு நிலத்து மரத்தின் பழம் அரசுக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் பறிக்கக் கூடாது. எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் மரம் காய்த்தால், விடியற்காலையில் கையில் நீளக் கம்போடு யாராவது நடமாடுவார்கள். ஊரில் மாங்காய்க்குக் கல் எறிந்து வளர்ந்த எனக்கு, கண்ணெதிரே பழம் அழுகுவதைப் பார்க்கும்போது கை துறுதுறுக்கும். அதற்காகச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆளாளுக்குக் கம்பு எடுத்தால் கீழே நடப்பவர் தலை என்னாவது?

வேளச்சேரி மாடிவீடு
எங்கள் வாசலில் நாட்டு வாதுமை. பகலில் பிள்ளைகள் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பு தின்கிறார்கள். ராத்திரி வௌவால் வந்து பழத்தைக் கடித்து என் கார்மேல் போடுகிறது. இலையோ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். இதைவிட மோசம் முருங்கை: எதிர்வீட்டில் இருந்ததை, மழைக்காலத்தில் சுவர் முழுக்கக் கம்பளிப்பூச்சி ஏறியதும் அவர்களே வெட்டிவிட்டார்கள்.

மாம்பலவாசி
நன்றி. பூங்காச் சுவரை ஒட்டிய பக்கம் மண் இருக்கிறது, வண்டி நிறுத்துவதும் இல்லை. அங்கே நாவல், வீடுகள் இருக்கும் பக்கம் புங்கை என்று சொல்லிப் பார்க்கிறேன். மின்கம்பிக்குக் கீழே என்ன வைக்கலாம்?

மதுரைக்காரர்
கொய்யா, சீத்தா. இரண்டும் உயரம் போகாது, கவாத்து செய்தாலும் (கிளையை அளவாக வெட்டிவிட்டாலும்) தாங்கும். மரத்தைச் சுற்றி சிமென்ட் பூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், காய்க்கும் மாதத்தில் யார் பெருக்குவது என்பதைக் குழி தோண்டுவதற்கு முன்பே கூட்டத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.